பேனாவுக்கு நெற்றி எது?

இப்போது பேனாவுக்கும் வீடியோ கால் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்று எழுந்துவந்த மேசையில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கும் சுகன்யா, அடிக்கடி போனில் கூப்பிட்டு ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டுகிறாள். "அக்கா, சுத்துறேன், முனை வரமாட்டேங்குது பாருங்க." நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீரோடு பார்க்கிறேன். பேனாவுக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டால் எனக்கென்ன நஷ்டம்? போன வாரம், "இதெல்லாம் எழுதி வெச்சுட்டா என்னக்கா? உங்களயும் தொந்தரவு பண்ண வேண்டாம்ல" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் என்னை எழுதச் சொன்னால் ரிப்பேரை மட்டும் எழுதுவேன் என்று அந்தப் பெண்ணிடம் யார் சொன்னார்கள்?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது கமால் பாயின் பட்டறை. மரத்தைக் கடைந்து பேனா செய்வோம். வேம்பு, பூவரசு, தேக்கு, யாராவது பிடிவாதம் பிடித்தால் கருங்காலி. எல்லாம் திருகுப் பேனா. மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு துண்டு. கீழ்பாதிக்குள் ஒரு சின்னப் பித்தளைத் திருகை அழுத்தி வைத்திருப்போம். அதில் ரீஃபிலை மாட்டி, அதன் தலையில் மேல்பாதியைச் செருகிவிட்டால் பேனா தயார். மேல்பாதியைச் சுற்றினால் ரீஃபில் முனை வெளியே எட்டிப் பார்க்கும், திருப்பிச் சுற்றினால் உள்ளே போய்விடும். கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? அந்தத் திருகை எவ்வளவு ஆழத்துக்கு அழுத்துவது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் முனை வெளியே வராது. கூடினால் உள்ளே போகாது, சட்டைப் பையில் நீலக் கோலம் போட்டுவிடும். முனை ஓர் எள் அளவு வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் உப்புத்தாள் தேய்த்தேன், அப்புறம் மெருகு போட்டேன், அப்புறம் திருகு அழுத்தினேன். மூன்றிலும் நான் சுமார் ரகம். ஒருநாள் பாய் என்னைக் கூப்பிட்டு ரிப்பேர் மேசையில் உட்காரச் சொன்னார். "எதுக்கு பாய் என்னய அங்க போடறீங்க?" என்றேன். "கோவமா வர்றவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீ தொறந்துடறல்ல, அதுக்குத்தான்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அந்த மேசையை விட்டு நான் நகரவில்லை.

பாய் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். "தனம்" என்று கூப்பிட்டால் எல்லாம் சுகம். "தனலட்சுமி" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "தனலட்சுமி அம்மா, கொஞ்சம் வர்றீங்களா" என்றாரோ, போச்சு. கடைசல் மிஷினில் நிற்கும் முருகேசன்கூட மிஷினை நிறுத்திவிட்டு எனக்காக வேண்டிக்கொள்வான். ரிப்பேருக்கு பாய் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். "பேனாவக் கையில வாங்காத. மொதல்ல வந்தவங்களயே எழுதச் சொல்லிப் பாரு" என்பார். ஆரம்பத்தில் இது என்ன கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது, பாதிப் பேனாக்களுக்கு வியாதியே இல்லை.

அரியலூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். "மூடி லூசாயிடுச்சும்மா" என்றார். எழுதிக் காட்டுங்கள் என்றேன். மேல்பாதியை லபக்கென்று பிடுங்கி, கீழ்பாதியின் பின்னால் செருகப் பார்த்தார். ஆயுள் முழுக்க மூடிப் பேனாவில் எழுதிய கை, அது வேறென்ன செய்யும்? "சார், அது மூடியில்ல, அதோட தலை" என்றேன். மனிதர் பதறிப்போய் இரண்டு துண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே ஒரு துளி பசை தொட்டுத் தலையை மறுபடி பொருத்திக் கொடுத்தேன்.

ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு மீசைக்காரர் வந்து, "புது ரீஃபில் போட்டும் எழுதல. ஏமாத்து வேலையா பண்றீங்க?" என்று மேசையைத் தட்டினார். புது ரீஃபிலின் முனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மெழுகுச் சொட்டு இருக்கும், மை காயாமல் இருப்பதற்காக. அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அவர் பெயரையே கேட்டு எழுதிக் காட்டினேன். மீசையைத் தடவிக்கொண்டு, "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். யார் சொல்லியிருக்க வேண்டும், ரீஃபிலா?

இன்னொருவர் "ரீஃபில் தானா ஒழுகுது" என்று சத்தியம் செய்தார். "கொஞ்சம் நாக்க நீட்டுங்க" என்றேன். நாக்கு நீலமாக இருந்தது. பெட்டிக்கடையில் நீள ரீஃபிலை வாங்கி, பேனாவுக்குள் அடங்கவில்லை என்று பல்லால் கடித்துக் குட்டையாக்கியிருக்கிறார். டாக்டர்கூட அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்று எனக்கு அன்றெல்லாம் ஒரே தலைக்கனம்.

அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் பட்டறையில் திருகு அழுத்துகிறவர்களில் ஜோதிதான் முதல் கை. சிறுவாச்சூர்க்காரி. புருஷன் போன பிறகு மகளோடு தனியாக இருந்தாள், இந்த வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அளவுகோல் வைக்க மாட்டாள், பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கும்போதே எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். அதனால் விசேஷங்களுக்குப் போகிற ஆர்டர் எல்லாவற்றையும் பாய் அவளிடம்தான் கொடுப்பார். ஓய்வு பெறுகிறவர்களுக்கு வழியனுப்பு விழா, பள்ளிக்கூட விழா, கல்யாணம் என்று மொத்தமாகக் கேட்பார்கள். கடையில் சில்லறையாக விற்கிற பேனாவை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜோதி அழுத்தினதும் பேனா என் மேசைக்கு வரும். நான் சுற்றிப் பார்த்து, எழுதிப் பார்த்து, சரி என்றால் தட்டில் வைப்பேன். தட்டு உள்ளறைக்குப் போகும். விசேஷ ஆர்டரைப் பெட்டியில் வைத்து, பளபளப்புத் தாள் சுற்றி ஒட்டுவது பாய் மட்டும்தான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்வார். அது அவருடைய ஆசை, நாங்கள் கேட்டதில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வழியனுப்பு விழா. ஓய்வு பெறுகிறவர்களில் ஒருவரை மேடையில் வைத்து, பரிசாகக் கொடுத்த பேனாவாலேயே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றிருக்கிறார்கள். அவர் சுற்றினார். முனை வரவில்லை. இன்னும் சுற்றினார். மேல்பாதி பம்பரம் மாதிரி சுற்றியதே தவிர முனை எட்டிப் பார்க்கவில்லை. கூட்டம் சிரித்துவிட்டது. அந்தப் பேனாக்கள் திரும்பி வந்த சூட்டோடு ஒரு கல்யாண வீட்டிலிருந்தும் வந்தன, ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. எல்லாம் ஜோதி அழுத்தியவை. கடையில் விற்ற பேனா ஒன்றுகூட வரவில்லை.

பாய் பிரஸ்ஸுக்கு எதிரில் வந்து நின்றார். "ஜோதி அம்மா" என்றார். முருகேசன் மிஷினை நிறுத்தினான். "உங்க கைக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும் போலருக்கு. நான் சொல்லி அனுப்பறப்ப வாங்க." அவ்வளவுதான் சொன்னார். சொல்லி அனுப்பவே மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜோதி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நானும் போனேன்.

"ஏக்கா, நான் சரியாத்தான அழுத்துனேன்?" என்றாள்.

"பின்ன? நான்தான ஒவ்வொண்ணா சுத்திப் பாத்தேன்!"

"என்னுது மட்டும் எப்புடிக்கா கெட்டுப்போவும்? என் கை மேலயே எனக்குச் சந்தேகமாயிருக்கு."

வேலை போனதுகூட ஒரு பக்கம், இவள் தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் வேறு எங்கே போய்ப் பிழைப்பாள்? "போடி இவளே. உன் கைல ஒரு குத்தமும் இல்லன்னு நான் காட்டறேன், இல்லாட்டி என் பேர மாத்திக்கறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சபதம் போட்டேன்.

திரும்பி வந்து ஒரு பேனாவை எடுத்தேன். மேல்பாதியை இழுத்துக் கழற்றினேன். திருகின் தலையைத் துணி சுற்றிய இடுக்கியால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. ரீஃபிலைக் கழற்றலாம் என்றால் அதுவும் வரவில்லை. கடைசியில் நுனியிலிருக்கும் பித்தளைக் கூம்பைப் பிடித்து இழுத்தேன். கூம்போடு ரீஃபிலும் சேர்ந்து வந்தது. கூம்பின் ஓட்டைக்குள் முனை ஒட்டிக் கிடந்தது. ஒட்டவைத்திருந்தது வெளிர் நிறத்தில் ஒரு பொருக்கு. இப்போது திருகை மட்டும் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஜோதி அழுத்திய இடம் எள்ளளவும் பிசகவில்லை. சிக்கல் நுனியில்தான்.

"பாய்! சிமெண்ட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "அரியலூர்க் காத்துல இருக்கற தூசி நுனிக்குள்ள போயி, ஈரத்துல கட்டிப்போச்சு!"

பாய் பொருக்கைப் பார்த்தார். "அப்ப கல்யாணத்துக்குப் போன பேனா?"

"மாப்ள அரியலூரா இருக்கும்."

"பள்ளிக்கூடம் இங்க பக்கத்துலதான இருக்கு, தனலட்சுமி."

முழுப் பெயர் வந்துவிட்டது. நான் விடவில்லை. ஆலைக்கே போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று மறுநாள் பஸ் ஏறினேன். அங்கே விழா ஏற்பாடுகளைப் பார்க்கிற அதிகாரி ஒரு சின்ன வயதுக்காரர், ரொம்ப மரியாதையானவர். நான் தூசியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார். அப்புறம் பீரோவைத் திறந்து, விழாவுக்கு வராதவர்களுக்கென்று வைத்திருந்த பெட்டிகளை என் முன்னால் அடுக்கினார். பாய் சுற்றிய தாள், ஒட்டு பிரியாமல் அப்படியே இருந்தது.

"நாங்க தொடவே இல்லம்மா. நீங்களே பிரிச்சுப் பாருங்க."

பிரித்தேன். சுற்றினேன். ஒட்டியிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"தூசி பொட்டிக்குள்ளயே போயிருக்குமோம்மா?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் டீயைக் குடித்தேன். என் வாழ்க்கையிலேயே பேசாமல் குடித்த டீ அது ஒன்றுதான்.

பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் மனசு கேட்கவில்லை. கொண்டை ஊசியால் அந்தப் பொருக்கை உள்ளங்கையில் சுரண்டினேன். பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தேன். சிமெண்ட் இவ்வளவு மஞ்சளாக இருக்காதே என்று முகர்ந்து பார்த்தால், சந்தனம்! பக்கத்து சீட்டு அம்மா, "எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வரீங்க?" என்று கேட்டுத் தானும் ஒரு விரல் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

என் மேசையில் நன்றாக எழுதிய பேனா, ஒட்டு பிரியாத பெட்டிக்குள் சந்தனத்தோடு இருக்கிறது. நடுவில் இருப்பது ஓர் அறை. அந்த அறையில் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளோ ஒரு வேளைத் தொழுகைகூடத் தவறாதவர். ஒருவேளை எனக்குத்தான் மூக்குக் கெட்டுவிட்டதோ என்று அன்று முழுக்கக் கண்டதையெல்லாம் முகர்ந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த விசேஷ ஆர்டரைப் பெட்டியில் போடுகிற நாள். பாய் ஜும்மா முடித்து வந்து உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஒரு டீயை எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் பீடியை மறைக்கிற மாதிரி பாய் எதையோ கைக்குட்டையால் மூடினார்.

"என்ன பாய் அது?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா முக்காடு போட்டு வெச்சிருக்கீங்க?"

கைக்குட்டையை நானே எடுத்தேன். சின்னக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். பக்கத்தில் ஜாக்கிரதையாகத் துடைக்க ஒரு பஞ்சு. பாயின் காது சிவந்துவிட்டது.

"கொஞ்ச நாள் முன்னாடி ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். பரிசு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிருந்தாங்க. நம்ம பேனா மட்டும் மொட்டையா இருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சந்தனம் எங்க விசேஷத்துலயும் உண்டுதான, அதயாவது வெச்சு அனுப்புவோம்னு நெனச்சேன். மரத்துல கறை படக்கூடாதுன்னு உடனே தொடச்சும் விட்டேனே."

"அது சரி. எங்க வெச்சீங்க?"

"நுனியில. எழுத்து அங்கருந்துதான வருது? அதான் நல்ல எடம்னு..."

"ஐயோ பாய்! அது வாயி! சந்தனத்த எங்கயாச்சும் வாயில அப்புவாங்களா? அது உள்ள போயி முனையைச் சேத்துக் கட்டிப்போச்சு! எங்க ஆளுங்க யாரயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

பாய் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷம் கூட இருந்துட்டு இதுகூடத் தெரியலன்னு சிரிப்பீங்களேன்னு கூச்சமா இருந்துச்சு தனம்."

சிரித்திருப்பேன். சத்தியமாகச் சிரித்திருப்பேன். இப்போதும் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் மெதுவாக, "அப்ப ஜோதி..." என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"திங்கக்கெழம வரச் சொல்லி நீ போன் பண்ணிடேன்" என்றார்.

"நான் எதுக்குப் பண்ணணும்? போகச் சொன்னது நானா?"

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். இருவரும் சிறுவாச்சூருக்குப் பஸ் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலைச் சுற்றி நிற்க இடமில்லை. ஜோதி அவளுடைய அத்தையின் அர்ச்சனைத் தட்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பாயைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது.

"தட்டு வேணுங்களா?" என்றாள், யாரோ ஒரு ஆளைக் கேட்கிற மாதிரி.

"ஜோதி, உன் கைல தப்பில்லம்மா" என்றார் பாய். பின்னால் நின்ற ஒரு அம்மா, "தள்ளுங்கய்யா, தேங்கா வாங்கணும்" என்று அவரை இடித்தார். பாய் நகர்ந்து வழிவிட்டார். ஜோதி அந்த அம்மாவுக்குத் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் எடுத்துவைத்துக் கொடுக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் ஒன்று விடாமல் சொன்னார். விழாவுக்குப் போனது, சந்தனம் குழைத்தது, நுனியில் வைத்தது, துடைத்தது. நடுவில் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

ஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நானும் சிரித்தேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"கொழம்புக்கு உப்புப் போடக்கூட பயமா இருந்துச்சு பாய்" என்றாள். "போட்டது சரியா தப்பான்னு என் கைக்கே தெரியல. தெனமும் மகளக் கூப்புட்டு ருசி பாக்கச் சொல்லுவேன். அவ சொன்னாத்தான் எறக்குவேன்."

"என் மேல தப்பும்மா" என்றார் பாய்.

ஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாயின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். தட்டிலிருந்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, கிளிப்புக்கு மேலே, பேனாவின் உச்சியில் ஒரு பொட்டு வைத்தாள். "இங்க பாய். இதுதான் அதுக்கு நெத்தி" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், "என்னயப் போகச் சொன்னப்ப எல்லாரும் இருந்தாங்க. இதயும் எல்லாரும் இருக்கயில சொல்லுங்க, வரேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் பாய் முருகேசனை மிஷினை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றோம். "ஜோதி அழுத்துன திருகுல ஒரு கொறையும் இல்ல. பேனா வாயில சந்தனத்த வெச்சு அடைச்சது நான். வெசாரிக்காம அவள அனுப்புனதும் நான்" என்றார். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முருகேசன்தான் தாங்காமல் புர்ரென்று சிரித்துவிட்டான். பாயும் சிரித்தார். ஜோதி பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "மிஷினப் போடுங்கண்ணே, வேல கெடக்கு" என்றாள். திரும்பி வந்த பேனாக்கள் அத்தனையையும் என்னிடமிருந்து வாங்கி, மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றின் நுனியையும் அவளே சுத்தம் செய்து முடித்தாள்.

வழக்கமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் பாய் அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்தார். ஜோதி கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் அவளே ஊற்றினாள். "இன்னிக்கி மகளக் கூப்புடலக்கா. நானேதான் உப்புப் போட்டு எறக்குனேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வாய் வைத்தேன். உப்பு கரித்தது, காது வரைக்கும் கரித்தது. முருகேசன் தண்ணீர்ச் செம்பைத் தேடினான். நான் அவன் காலை மிதித்தேன். பாய் நிதானமாக மென்று விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார்.

"நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து."